மாடல் நீராவி இன்ஜின் நொண்டுகிறதா? சக்கரத்தையும் கியரையும் நீங்களே சரிசெய்யலாம்

மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. அல்லது நகர்கிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’. பழைய மாடல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இதைக் கேட்டே தீருவார்கள். கேட்டதும் பலர் இன்ஜினைப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. மோட்டார் எரிந்துபோவது அரிது. பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது விரல் நுனியில் நிற்கிற ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம்தான்.

கோலாலம்பூரில் இந்தப் பொழுதுபோக்குக்குள் வருகிற நம்மவர்களுக்கு ரயில் அந்நியமானதல்ல. செந்தூல் பட்டறையில் தாத்தா பிட்டராக இருந்திருப்பார், இல்லையென்றால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாட்டி வளர்ந்திருப்பார். அந்தப் பட்டறைகளில் பெரிய இன்ஜினுக்குச் செய்த வேலையின் சாரம்தான் இங்கே மேசைமேல் நடக்கிறது: எந்தப் பாகத்தையும் வலுக்கட்டாயமாகத் தள்ளாமல், ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக லேசாகச் சுற்றவைத்து, அப்புறம் ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பது.

இங்கே சொல்வது 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் எச்ஓ (1:87), ஓஓ (1:76) அளவு இன்ஜின்களுக்கு. இரண்டும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுபவை. ‘என்’ (N) அளவுக்கும் (9 மி.மீ.) முறை அதுதான், ஆனால் கண்ணுக்கும் கைக்கும் சோதனை அதிகம், முதல் வேலையாக அதைத் தொடாதீர்கள். மூன்று அச்சு மட்டும் உள்ள 0-6-0 டேங்க் இன்ஜின் ஒன்றில் கை பழகுவது நல்லது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் சத்தத்தைக் கேளுங்கள், அசைவைப் பாருங்கள். எல்லாப் பழுதும் ஒரே மாதிரி ‘ஓடவில்லை’ என்றுதான் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஒருமுறை ‘டக்’ என்று கேட்டால், கியரில் விரிசல் விழுந்திருக்கிறது. விரிசல் விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும். மோட்டார் தண்டில் இருக்கும் வார்ம், அதாவது திருகுப் பல், அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் இடித்துத் தாண்டும். விரிசல் இன்னும் பெரிதானால் கியர் அச்சைப் பிடிக்காது. அப்போது மோட்டாரும் கியரும் சுற்றும், சக்கரம் மட்டும் சும்மா நிற்கும்.

இன்ஜின் நொண்டிக்கொண்டே போகிறது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் திணறுகிறது என்றால், சக்கரங்களை இணைக்கும் பக்கத் தண்டுகளை, அதாவது சைட் ராடுகளைப் பாருங்கள். ராடு எந்த நிலைக்கு வரும்போது திணறுகிறது? முன்னே ஓட்டினாலும் பின்னே ஓட்டினாலும் அதே நிலையில் திணறினால், இடது வலது சக்கரங்களில் ராடு மாட்டும் முளைகளுக்கு நடுவே உள்ள கோணம் பிசகியிருக்கிறது, அல்லது ராடு வளைந்திருக்கிறது. இதற்குக் கியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நேர்ப்பாதையில் நன்றாக ஓடி, வளைவிலோ பாதை பிரியும் இடத்திலோ மட்டும் நின்றாலும் தடம்புரண்டாலும், ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சக்கரம் ஆடி ஆடிச் சுற்றினால் அது அச்சில் சாய்வாக ஏறியிருக்கிறது.

இதையெல்லாம் உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை உண்டு. மேல் உடலைக் கழற்றி, மோட்டாரை அல்லது வார்மை விலக்கிவிட்டு, சக்கரங்களும் ராடுகளும் மட்டும் உள்ள சட்டத்தை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வையுங்கள். கண்ணாடியின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். நல்ல சட்டம் சிறிய சரிவிலேயே தானாக உருளும். உருளாமல் சறுக்கினால் ராடு, கோணம், அச்சு இவற்றில் ஏதோ ஒன்று பிடிக்கிறது. இப்போது ராடுகளையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ராடு இல்லாமல் உருளுகிறது, ராடு போட்டால் நிற்கிறது என்றால் கோணம்தான். ராடு இல்லாமலும் உருளவில்லையென்றால் அச்சு உட்காரும் இடத்தில் அழுக்கோ இறுக்கமோ இருக்கிறது. இப்படி ஒன்றொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் பழுது தப்பவே முடியாது.

மேசையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், சிறிய ஸ்க்ரூடிரைவர் செட், சிறு நட்டுகளுக்கான பாக்ஸ் ஸ்பேனர், மல்டிமீட்டர், சக்கரம் இழுக்கும் புல்லர், பூதக்கண்ணாடி. மல்டிமீட்டர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெல்லிய வயர் எல்லாம் புடு பக்கம் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் தேடலாம். புல்லரை மட்டும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சக்கரத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கழற்றினால், ஆரக்கால் உடையும் அல்லது அச்சு வளையும். அதற்கப்புறம் அந்த அச்சு எந்தக் காலத்திலும் நேராகச் சுற்றாது.

மேசைமேல் வெள்ளைத் துணி ஒன்றை விரியுங்கள். கிராங்க் பின், அதாவது சக்கரத்தில் ராடு மாட்டும் முளை, அதன் திருகு எள் அளவுதான் இருக்கும். அது துள்ளி விழுந்தால் துணியில் நிற்கும், வழுவழுப்பான மேசையில் நிற்காது. இன்னொன்று, விசிறியை நிறுத்திவிடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது கஷ்டம்தான், ஆனாலும் நிறுத்துங்கள்.

பிரிப்பது

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பக்கமும் கைபேசியில் படம் எடுங்கள். குறிப்பாக வால்வு இயக்கம் (சக்கரத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஆடும் மெல்லிய தண்டுகள்) உள்ள இன்ஜின் என்றால், நடுச்சக்கரத்தின் கிராங்க் பின்மேல் இருக்கும் சின்னக் குட்டைக் கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெளிவாகத் தெரியவேண்டும். பெல்ஜியத்துக்காரரான வால்ஷார்ட் 1844-இல் உருவாக்கிய இந்த இயக்கம்தான் பெரும்பாலான மாடல்களில் இருக்கும். அந்தக் கை இரண்டு பக்கமும் ஒரே போலச் சாயாவிட்டால், மெல்லிய தண்டுகள் சிலிண்டர் பக்கம் இடித்து வளையும்.

அடுத்து மல்டிமீட்டர். ஒரு சக்கரத்தின் விளிம்புக்கும் அதன் அச்சுக்கும் நடுவே மின்தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் ஒரு பக்கச் சக்கரங்கள் அச்சோடு தொடர்புடையவை, மறுபக்கச் சக்கரங்கள் காப்பிடப்பட்டவை. எந்தப் பக்கம் எது என்று எழுதி வையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், ஒரு அச்சை இடம் வலம் மாற்றிப் போட்டாலும் கிராங்க் கோணம் மாறாது. ராடு அழகாகப் பொருந்தும், கையால் தள்ளினால் உருளும், எல்லாம் சரி என்றே தோன்றும். பவர் கொடுத்த கணமே ஷார்ட். வேறு சில இன்ஜின்களில் அச்சே இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழல் இரண்டையும் பிடித்திருக்கும், கியரும் அதிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அங்கே அந்தப் பிளாஸ்டிக்தான் காப்பு. பலமாக இருக்கட்டும் என்று பித்தளைக் குழல் போட்டால் இரண்டு தண்டவாளமும் ஒன்றாகிவிடும்.

இப்போது ராடுகளைக் கழற்றி, அடித்தட்டைத் திறந்து, அச்சுகளை எடுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் ஒரு சிறு வண்ணப் புள்ளி வைத்து எந்த அச்சு, எந்தப் பக்கம் என்று அடையாளமிடுங்கள். சக்கர இடைவெளியை அளந்து எழுதுங்கள். கியர் ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பலர் விட்டுவிடும் அளவு அது, திரும்பப் பூட்டும்போது அதைத்தான் தேடுவார்கள்.

பழுதான அச்சில் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றுங்கள். கியரை எடுக்க அதுவே போதும். மற்ற அச்சுகளைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த கோணம் அவற்றில் அப்படியே இருக்கும். பழுதான அச்சைத் திருப்பிப் பொருத்த அவைதான் உங்களுக்கு அளவுகோல்.

கியர் ஏன் வெடிக்கிறது, எதை வாங்குவது

பிளாஸ்டிக் கியரின் துளை அச்சைவிட ஒரு மயிரிழை சிறிதாக இருக்கும். அழுத்தி ஏற்றுவதால்தான் அது வழுக்காமல் பிடிக்கிறது. ஆனால் அந்த நாளிலிருந்து அந்த வளையம் எந்நேரமும் இழுவையில்தான் இருக்கிறது, இன்ஜின் ஓடாமல் பெட்டியில் கிடந்தாலும் சரி. வருடங்கள் போகப்போக பிளாஸ்டிக் தளர்ந்து, மிக மெல்லிய இடமான பல்லின் அடியில் பிளக்கிறது. அதனால்தான் அதிகம் ஓடாத இன்ஜின்களும் இப்படிப் போகின்றன. பழைய இன்ஜின் வாங்கும்போது ‘ஓடவே இல்லை, புதுசு மாதிரி’ என்று சொன்னால், கியரைத் திறந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

விரிசலை சூப்பர் குளு போட்டு ஒட்ட முயலாதீர்கள். இந்தக் கியர்கள் பெரும்பாலும் அசிட்டால் அல்லது நைலான். அசிட்டாலில் பசை நிற்கவே நிற்காது. நின்றாலும் அதே இழுவை அங்கேயே இருக்கிறது, மறுபடி பிளக்கும். மாற்றுவது ஒன்றே வழி.

புதிய கியருக்கு நான்கு விவரம் தேவை: பற்களின் எண்ணிக்கை, பல்லின் அளவு, துளையின் விட்டம், அகலம். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வைத்துவிட்டு எண்ணுங்கள், இல்லையென்றால் எங்கே தொடங்கினோம் என்று மறந்துபோகும். பல்லின் அளவை ‘மாட்யூல்’ என்று சொல்வார்கள். நேர்ப்பல் கியரில் வெளிவிட்டத்தை, பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 20 பல், வெளிவிட்டம் 8.8 மி.மீ. என்றால் 8.8 ஐ 22 ஆல் வகுக்க 0.4. கடைக்காரரிடம் ‘0.4 மாட்யூல், 20 பல்’ என்று கேட்கலாம். வார்மோடு சேரும் கியரில் பற்கள் சற்றுக் குழிந்தோ சாய்ந்தோ இருக்கும், அதனால் கணக்கு கொஞ்சம் முன்பின் வரும். அங்கே உங்கள் இன்ஜினின் பெயர், எண்ணைச் சொல்லி அதற்கென்றே செய்த மாற்றுக் கியரைத் தேடுவதுதான் பாதுகாப்பு. பல கியர்களுக்கு அச்சோடு சேர்த்தே உதிரி கிடைக்கிறது. அது கிடைத்தால் அதையே வாங்குங்கள்; பாதி வேலை மிச்சம்.

பித்தளைக் கியர் நல்லதா என்று கேட்பார்கள். உடையாது, உண்மைதான். ஆனால் சத்தம் போடும், எண்ணெய் தவறினால் வார்மைத் தின்றுவிடும். புதிதாகத் தொடங்குபவர் அசிட்டாலிலேயே இருங்கள்.

புதிய கியரை ஏற்றுவது

அச்சில் கியர் உட்காரும் இடம் பெரும்பாலும் சொரசொரப்பாக இருக்கும். பிடிமானத்துக்காகச் செய்தது அது, தேய்த்துவிடாதீர்கள். பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸால் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் பக்கமே போகவேண்டாம். பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

புதிய கியர் விரல் அழுத்தத்தில் தொடங்கி, வைஸின் மெல்லிய அழுத்தத்தில் முழுதாக ஏறவேண்டும். அசிட்டால் கியரைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் லேசாக விரியும், ஏற்றுவது சுலபம். பலம் போட்டுத்தான் ஏற்றவேண்டும் என்றால் நிறுத்துங்கள். அவ்வளவு இறுக்கம் இருந்தால் சீக்கிரமே அதுவும் பிளக்கும். துளையை ரீமரால் மிக மிகக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். எழுதி வைத்த தூரத்தில் கியர் வந்து நிற்கவேண்டும், இல்லையென்றால் வார்முக்கு நேர்கீழே வராது.

கழற்றிய சக்கரத்தைத் திரும்ப ஏற்ற, மேசைத் துளைப்பான் இருந்தால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு அதை அழுத்தியாகப் பயன்படுத்துங்கள். அது நேர்குத்தாக இறங்குவதால் சக்கரம் சாயாது. இல்லையென்றால் வைஸின் வாய்க்கு மரத்துண்டு வைத்து மெல்ல அழுத்துங்கள். சக்கர இடைவெளி எச்ஓ, ஓஓ இரண்டிலும் பொதுவாக 14.4 மி.மீ.-ஐ ஒட்டியே இருக்கும். ஆனால் உங்கள் இன்ஜினின் நல்ல அச்சில் நீங்கள் அளந்த எண் எதுவோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

முழுதாக அழுத்தும் முன், பாதியில் நிறுத்தி கோணத்தைப் பாருங்கள். இந்த வேலையில் அவசரப்படக்கூடாத ஒரே இடம் இதுதான்.

90 டிகிரி

நிஜ இன்ஜினில் இரண்டு பக்கச் சிலிண்டர்களும் ஒரே நேரத்தில் செத்த புள்ளிக்கு, அதாவது பிஸ்டன் தள்ளினாலும் சக்கரம் சுற்றாத நிலைக்கு, வந்துவிட்டால், நின்ற வண்டி புறப்படவே முடியாது. அதனால் ஒரு பக்கக் கிராங்க் மறுபக்கத்தைவிட கால்வட்டம் தள்ளி இருக்கும். மூன்று சிலிண்டர் இன்ஜின்களில் 120 டிகிரி வரும். ஸ்காட்லாந்தின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் 1946 வரை மலாயாவுக்குக் கட்டிக்கொடுத்த 56 வகுப்பு பசிபிக் (4-6-2 சக்கர அமைப்பு) இன்ஜின்கள் அந்த வகை. ஆனால் மாடல்களில் பெரும்பாலும் 90 தான் வைப்பார்கள்.

புதியவர்கள் இங்கே ஒன்றை மனதில் வைக்கவேண்டும். மாடலுக்குத் தேவை துல்லியமான 90 அல்ல. எல்லா அச்சிலும் ஒரே கோணம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். மூன்று அச்சிலும் 88 இருந்தால் இன்ஜின் சொகுசாக ஓடும். இரண்டில் 90, ஒன்றில் 87 என்றால் திணறும்.

பார்க்கும் முறை இது. நல்ல அச்சு ஒன்றைக் கண்ணாடிமேல் நிறுத்துங்கள். இடது கிராங்க் பின் நேர் மேலே நிற்கும்படி, சிறிய மட்டக்கோணத்தை வைத்துப் பாருங்கள். இப்போது வலது பின் அச்சின் உயரத்துக்குச் சமமாக, முன்பக்கமோ பின்பக்கமோ பார்த்து நிற்கும். அந்தப் பின்னுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சரியாக நுழையும் அளவுக்கு அட்டைத் துண்டுகளை அடுக்குங்கள். அந்த அட்டைக் கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சரிசெய்யும் அச்சை அதே மாதிரி நிறுத்தி, அதன் வலது பின்னும் அதே கட்டின்மேல் உட்காரும்வரை சக்கரத்தை அச்சில் மெல்லத் திருகுங்கள். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்பதும் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும். நடுச்சக்கரத்துக்கு விளிம்பு இல்லாத இன்ஜின்களில் அந்த அச்சின் உயரமே குறைவு, அதற்கு இந்தக் கட்டு பொருந்தாது. அதை ராடு போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

கோணம் கிடைத்ததும் சக்கரத்தை முழுதாக அழுத்தி, மறுபடி ஒருமுறை அளந்து, சட்டத்தில் போடுங்கள். ஒரு பக்க ராடை மாட்டி உருட்டுங்கள், பிறகு மறுபக்கம். பிடித்தால், பிடிக்கும் இடத்திலேயே நிறுத்தி, ஒவ்வொரு பின்னிலும் ராடைச் சற்று ஆட்டிப் பாருங்கள். நல்ல பின்னில் ராடு இம்மியளவாவது ஆடும். ஆடாத பின் எதுவோ அந்தச் சக்கரம்தான் பிசகியது. அதை மட்டும் மயிரிழை திருகுங்கள், மறுபடி உருட்டுங்கள். ராடின் ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். திணறல் மறையும், ஆனால் கோளாறு உள்ளே இருந்துகொண்டு மெதுவாக ஓட்டும்போது இன்ஜினைக் குலுக்கும்.

வார்ம், கிரீஸ், எண்ணெய்

வார்மும் கியரும் மிக நெருங்கினால் மோட்டார் சூடேறும், மிக விலகினால் பல் தேயும். ரசீதுத் தாள் மாதிரி மெல்லிய தாளை இரண்டுக்கும் நடுவே கொடுத்து மோட்டாரைப் பொருத்துங்கள், தாளை உருவிவிட்டால் தேவையான விலகல் இருக்கும். வார்ம் தண்டு முன்னும் பின்னும் அதிகம் நகர்ந்தால், திசை மாற்றும்போது ஒரு இடி கேட்கும். மெல்லிய வாஷர் ஒன்று அதைத் தீர்க்கும்.

கியர் பல்லுக்கு பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ், பல்குத்தியால் தொட்டு வைக்கும் அளவு. அச்சு உட்காரும் இடத்துக்கு ஊசியால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். சக்கர விளிம்பிலோ மோட்டாரின் கம்யூட்டேட்டரிலோ (பிரஷ் தொடும் செம்புப் பகுதி) பட்டால் துடைத்துவிடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயை இதற்குள் அடிக்கவே கூடாது.

நம்ம ஊர் ஈரம்

கோலாலம்பூர் ஈரக்காற்றில் இரும்பு அச்சு துருப்பிடிக்கும், ரப்பர் பட்டை பிசுபிசுக்கும், பெட்டிக்குள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் உதிர்ந்து பெயிண்டில் ஒட்டும். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. வழியில்லாதது ஒன்று: பழைய துத்தநாக வார்ப்புச் சட்டம் உப்பிப்போவது. வார்க்கும்போது ஈயம் மாதிரி அசுத்தம் கலந்திருந்தால் அந்த உலோகம் உள்ளேயே அரித்து வீங்கும், ஈரம் அதை வேகப்படுத்தும். அச்சு உட்காரும் பள்ளம் இறுகிவிடும். இரும்பு ஸ்கேலைச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தாலோ மூலைகள் உதிர்ந்தாலோ கியருக்குக் காசு செலவழிக்காதீர்கள், சட்டத்தையே மாற்றவேண்டும். நல்ல இன்ஜின்களைக் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர் அலமாரியில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள்.

பிடிமானத்துக்கான ரப்பர் பட்டை போட்ட சக்கரம் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். பள்ளத்தை ஆல்கஹாலில் துடைத்து, புதிய பட்டையைப் பல்குத்தியால் சுற்றி உட்காரவைத்து, சக்கரத்தை விரலில் உருட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் பட்டை முறுக்கிக்கொண்டிருக்கிறது, எடுத்துத் திரும்பப் போடவேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் ராடு இல்லாமல், சக்கரத்தைத் தண்டவாளத்தில் படாதபடி தூக்கிவைத்து, பாதி வோல்ட்டில் சுற்றவிடுங்கள். மல்டிமீட்டரில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள். ராடு மாட்டி மறுபடி பாருங்கள். இரண்டாவது அளவு முதலைவிடக் கொஞ்சம் கூடலாம். முள்ளோ எண்ணோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கினால் இன்னும் எங்கோ பிடிக்கிறது, மோட்டாரைச் சுடவிடாமல் நிறுத்திவிட்டுத் திரும்பப் போய்ப் பாருங்கள். டிஜிட்டல் கண்ட்ரோல் சிப் உள்ள இன்ஜின் என்றால் சோதனை முடியும்வரை அதைக் கழற்றி வையுங்கள். திணறும் மோட்டார் சிப்பைப் பொசுக்கிவிடும்.

மின்சாரம் எடுக்கும் தகடுகள் சக்கரத்தின் பின்புறத்தை லேசாகத் தொடவேண்டும். அழுத்திப் பிடித்தால் அதுவே பிரேக்.

எல்லாம் சீரானதும் உடலை மாட்டாமலே தண்டவாளத்தில் விடுங்கள். மெதுவான வேகத்தில் அரைமணி நேரம் முன்னோக்கி, அரைமணி நேரம் பின்னோக்கி. பிறகு அடித்தட்டைத் திறந்து கியரைப் பாருங்கள். கிரீஸ் எல்லாப் பல்லிலும் ஒரே மாதிரி பரவியிருந்தால், தூளோ சீவலோ இல்லாதிருந்தால், மூடிவிட்டு உடலை மாட்டலாம். பெட்டிகளை ஒன்றொன்றாகக் கோத்து ஓட்டுங்கள், முதல் நாளே நீளமான ரயிலை இழுக்கவைக்க வேண்டாம்.